ஸ்லைடு எண் பதினாலு

கடற்கரை ஸ்டேஷனில் ஏறினால்
தரமணிவரை உட்கார இடம் கிடைக்கும்.
ராயபுரத்தில் பூட்டிவிட்டு வந்த வீட்டை
மயிலாப்பூர் தாண்டும்வரை நினைத்துக்கொள்ளலாம்.
திருவான்மியூரில் நிறுத்திக்கொள்வேன்.
எண்ணுகிற வேலை. கை நடுங்கக் கூடாது.

எலியின் மூளையை உறையவைத்து
வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவ வேண்டும்.
மூளைத் தண்டில் ஓரிடம்,
பேர் நீலப்புள்ளி.
மனிதர்களுக்கு நிஜமாகவே நீலமாக இருக்குமாம்.
எலிக்குப் பேர் மட்டும்தான்.
பயம் முதல் தந்தி அடிக்கிற ஆபீஸ் அது.

அங்கே இருப்பவற்றை மேடம் ஏற்பிகள் என்பார்.
நான் கதவுகள் என்கிறேன்.
பதற்றத்தின் ஹார்மோன் வந்து தட்டினால் திறப்பவை.
மார்ஃபின் வாசலில் நின்றுகொண்டு
யாரும் இல்லை போ என்று திருப்பி அனுப்பும்.
மாசக்கணக்கில் அனுப்பினால்
வீடு சும்மா இருக்குமா?
தாழ்ப்பாளைத் தளர்த்தும்
கீலுக்கு எண்ணெய் விடும்
உள்ளே கிடந்த கதவையும் இழுத்துவந்து
தெருப்பக்கம் மாட்டும்.
காவல் நின்றது ஒருநாள் வராமல் போனால்
காற்று தொட்டாலே
அத்தனையும் திறந்துகொள்ளும்.

இதை எனக்குக் காட்டியது மைக்ராஸ்கோப் இல்லை.

ஜெரோம் என் தம்பி.
ஹார்பரில் கன்டெய்னர்களைக் கம்பியால் கட்டுகிற வேலை.
கம்பி தெறித்து இடுப்பில் அடித்தபோது
ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்தது
பதினைந்து நாள் மாத்திரை.
பதினாறாம் நாளை
மண்ணடியில் ஒரு கடை கொடுத்தது.
மூன்று வருஷமாக
அந்தப் பதினாறாம் நாள்தான் நடக்கிறது.

அட்டை தீர்ந்த சாயங்காலங்களில்
எதிர்வீட்டு கேட் கிறீச்சிட்டால் எழுந்து நிற்கிறான்.
தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கிற பாட்டுக்கு
முதுகு முழுக்க வேர்க்கிறது.
ஒண்ணுமில்லடா என்றேன்.
"ஒண்ணுமில்லன்னு எனக்கும் தெரியுது.
அதான் பயமா இருக்கு."

பூசை முடிந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள்,
பையனுக்கு மன உறுதி இல்லையா?
மன உறுதிக்கு என்ன சாயம் ஏற்றுவது,
எத்தனை மடங்கு பெருக்கிப் பார்ப்பது,
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எது எந்த எலி என்று
எண்ணுகிறவளுக்குத் தெரியக் கூடாது.
ஸ்லைடில் எண் மட்டும் இருக்கும்.
தெரிந்தால் கண் பொய் சொல்லிவிடும்.
எட்டு வாரம் எண்ணினேன்.
போன வெள்ளிக்கிழமை கவரைப் பிரித்தார்கள்.

பதினாலு.
வெறும் உப்புத்தண்ணீர் போட்ட எலி என்று
டீக்குப் பந்தயம் கட்டியிருந்தேன்,
புள்ளிகள் அவ்வளவு சாதாரணம்.
மார்ஃபின் எலி.
மற்றதெல்லாம் எதிர்பார்த்த மாதிரியே.
ஒண்ணு ரெண்டு அப்படித்தான் வரும் என்றார் மேடம்,
சராசரி மாறாது.
டீ வாங்கிக்கொடுத்தேன்.
பேரில்லாத அந்த எலியை
கூட்டத்தில் தொலைந்து
தானாக வீடு திரும்பிய பிள்ளை மாதிரி
நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.
சராசரியும் சரிதான்.
அதை எண்ணியதும் நான்தானே.

குக்கரைப் பரணில் ஏற்றி எட்டு மாசம்.
பருப்பைத் திறந்த பானையில் வேகவைக்கிறேன்,
நுரையை ஒதுக்கிக்கொண்டு, பக்கத்திலேயே நின்று,
கேஸ் விலை தெரிந்தும்.
இன்று மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள்
அடுப்பைப் பற்றவைத்தார்கள்.
முதல் விசில்.
ஜெரோம் சுவரைப் பிடித்தான்.
அடுத்தது வருவதற்குள் என்னைப் பார்த்து,
"அவங்க எத்தன விசில் வைப்பாங்க?"

எனக்கு எப்படித் தெரியும்?
நாலு என்றேன்.

ஒரு விரலை மடக்கிக்கொண்டு
நின்ற இடத்திலேயே நின்றான்,
ரெண்டாவதற்காக.